உமிப் புகைக்குள் ஒரு கச்சான் காலம்

என் மூத்த மகள் பிறந்தது கிளிநொச்சியில், ஒரு நெல் ஆலையின் வளவுக்குள். ஆலைக்குப் பின்னால், நெல் காயவைக்கும் சீமெந்துக் களத்தைத் தாண்டி, வேலைக்காரருக்கென்று வரிசையாகக் கட்டியிருந்த மண் கொட்டில்களில் ஒன்று எங்களுடையது. எங்களுடையது என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். ஆலையில் வேலை இருக்கும் வரைக்கும் இருக்கலாம். ஆண்கள் மெசினில் நெல் கொட்டுவார்கள், மூட்டை தூக்குவார்கள். பெண்கள் நாங்கள் நெல் அவிப்போம், களத்தில் பரப்புவோம், கிளறுவோம், அள்ளுவோம்.

எழுபத்தேழில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். அப்போது நான் பாவாடை கட்டிய பெண். தேயிலைச் செடிகளுக்குள் படுத்துக் கிடந்து, பிறகு முகாமில் இருந்து, அதற்குப் பிறகு யாரோ ஏற்றிவிட்ட லொறியில் வன்னிக்கு வந்து சேர்ந்தோம். எங்களைப் போல மலைநாட்டிலிருந்து வந்தவர்கள்தான் அந்தக் கொட்டில்களில் அநேகமாக எல்லோரும். என் வீட்டுக்காரரும் அப்படி வந்தவர்தான். கல்யாணம் முடித்து அந்தக் கொட்டிலுக்குள் போனபோது எனக்குப் பெரிய நிம்மதி. தலைக்கு மேலே தென்னோலைக் கிடுகுக் கூரை, பக்கத்தில் கிணறு, கேட்டால் பதில் சொல்லுகிற அயல். வேறு என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

உமிமேட்டை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஆலையின் பக்கச் சுவரிலிருந்து ஒரு தகரக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மெசின் ஓடும்போது அதன் வழியாக உமி வந்து கொட்டும். கொட்டிக் கொட்டி மேடாகும். மேடு எங்கள் கூரைகளைவிட உயர்ந்ததும் முதலாளியின் ஆட்கள் வந்து அடியில் நெருப்பு வைத்துவிட்டுப் போவார்கள். உமி சுவாலை விட்டு எரியாது. உள்ளே கனன்று கனன்று வாரக்கணக்கில் புகையும். மேலே கறுத்து, ஆறிப்போனது போலிருக்கும். ஒருமுறை ஒரு நாய் அதன்மேல் ஓடப் பார்த்து உள்ளே புதைந்துபோனது. அதை எடுக்கக்கூட யாராலும் கிட்டப் போக முடியவில்லை.

மேடு இருந்தது எங்களுக்கு மேற்கே. மழைக்காலத்தில் கிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்று புகையை எங்களைவிட்டு வெறும் வெளிப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். வைகாசிக்குப் பிறகு மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பினால் நேரே எங்களிடம்தான். காலையில் கதவைத் திறந்தால் களமும் தெரியாது, கிணறும் தெரியாது. துவைத்துக் காயப்போட்ட பிள்ளைத் துணி சாம்பல் நிறத்தில் இருக்கும். சோற்றில் புகை மணக்கும். தலைமயிரில், பாயில், தலையணையில் அதே மணம். அதற்கு மேலே நெல் அவிக்கிற அடுப்புகளும் உமியில்தான் எரியும். விடியப்புறத்திலிருந்து அந்தப் புகைக்குள் நின்றுவிட்டு வந்து, வீட்டுக்குள் ஈர விறகை மூட்டி உலை வைப்பேன். கொட்டிலுக்கு யன்னல் கிடையாது. இரவில் மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்கு. இப்படியாக ஒரு புகையிலிருந்து இன்னொரு புகைக்குள் போவதுதான் எங்கள் நாள்.

மகளுக்கு இருமல் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. எல்லாப் பிள்ளைகளும் இருமின. ஆனால் இவள் தவழத் தொடங்கிய காலத்தில், பால் குடிக்கும்போது இடையில் நிறுத்தி மூச்சு வாங்க ஆரம்பித்தாள். இரண்டு வாய் குடிப்பாள், விடுவாள், வாயைத் திறந்து மேலே பார்ப்பாள். விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே போய்ப் போய் வரும். என் கையை அவள் நெஞ்சில் வைத்தால் உள்ளே ஏதோ கொரகொரவென்று ஓடும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைப் பார்க்க வருகிற மிட்வைஃப் மிசி சைக்கிளில்தான் வருவா. பிள்ளையை மடியில் வைத்து, சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டா.

"எங்கை பிள்ளை சமைக்கிறனீங்கள்?"

"உள்ளுக்குத்தான் மிசி."

"அடுப்பை வெளியாலை எடுங்கோ. மழையெண்டால் ஒரு தாழ்வாரம் இறக்கிப்போட்டு அதுக்குள்ளை வையுங்கோ. விளக்கையும் பிள்ளைக்குக் கிட்ட வைக்காதேங்கோ. இது வெறும் சளி இல்லை. விட்டால் மூச்சிழுத்துத் தொய்வாப் போகும்."

"எடுக்கிறேன் மிசி."

"நெல் அவிக்கப் போகேக்கை பிள்ளையைக் கூடக் கொண்டுபோறனீங்களே?"

"ஆமா. வேற யார்கிட்ட விடுறது?"

மிசி பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டா. நான் வாசலுக்கு வெளியே கையைக் காட்டினேன். "அதையும் எடுக்கச் சொல்லுங்க மிசி. அடுப்ப நான் எடுத்திருவேன்."

அவா திரும்பி உமிமேட்டைப் பார்த்தா. பார்த்துவிட்டு, "அதை நீங்கள் உங்கடை முதலாளியிட்டைத்தான் கேக்கோணும்" என்றா. பிறகு பிள்ளையை என் கையில் தந்து, மெதுவாக, "ஏலுமெண்டால் காத்து மாறுமட்டும் பிள்ளையை வேறை எங்கையாவது வைச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனா.

அன்றைக்கே அடுப்பைப் பிரித்து வெளியே போட்டேன். என் வீட்டுக்காரர் மூன்று கம்பு நட்டு, பழைய கிடுகு போட்டுத் தந்தார். உள்ளே கொஞ்சம் மூச்சு விடக்கூடியதாக இருந்தது. உமிப் புகை மட்டும் அப்படியே.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊர் வட்டக்கச்சிக்குப் போனேன். அங்கே என் நாத்தனார் வயல் கூலிக்குப் போகிறவள். வாய்க்கால் ஓரமாக வீடு. போய் ஒரு கிழமைக்குள் மகளின் இரைச்சல் அடங்கிவிட்டது. தொடர்ந்து பால் குடித்தாள். பகலில் கோழிக்குஞ்சுகளைத் துரத்திக்கொண்டு தவழ்ந்தாள். இரவில் அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்கவில்லை என்று நான் பயந்து எழும்பி, மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு அமைதியாகத் தூங்கினாள்.

இருக்க முடிந்திருந்தால் அங்கேயே இருந்திருப்பேன். ஆனால் அந்த மாதம் ஆமிக்கும் இயக்கத்துக்கும் எங்கேயோ நடந்த சண்டையில் நாத்தனாரின் புருசன் வீட்டு ஆட்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கினார்கள். ஒரே அறை. நாத்தனார் போ என்று சொல்லவில்லை. நான் வெளியே மரத்தடியில் பாய் போட்டதைப் பார்த்து, "வாய்க்கால்ல பாம்பு இருக்கு புள்ள" என்று மட்டும் சொன்னாள். ஆலையிலிருந்தும் ஆள் அனுப்பிவிட்டார்கள். நெல் வந்து குவிந்து கிடக்கிறது, அவிக்க ஆள் காணாது, வராவிட்டால் கொட்டிலை வேறு ஆளுக்குக் கொடுக்கப்போகிறார்களாம். திரும்பி வந்தேன். பஸ்ஸால் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பியதும் காற்றோடு அந்த மணம் வந்தது. மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

முதலாளியிடம் போய்க் கேட்போம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீ பேசாம இரு. இங்கிருந்து வெரட்டினா எங்க போவ? சொல்லு. எங்க போவ?"

ஆனாலும் அடுத்த கொட்டில் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். சொந்தமில்லை. அக்கா என்று கூப்பிடுவேன், அவ்வளவுதான். வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள், கண் இரண்டும் எப்போதும் சிவந்து நீர் வடியும். முன்பு ஒன்று எட்டாம் மாதத்திலேயே பிறந்து தங்காமல் போய்விட்டது. ஏன் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

முதலாளி கெட்ட மனிசர் இல்லை. கதிரையில் உட்கார்ந்தபடி நாங்கள் சொன்னதை முழுதும் கேட்டார்.

"நான் என்ன பிள்ளை செய்யிறது? ட்ரக்ரரிலை ஏத்திக்கொண்டுபோய்க் காட்டுக்குள்ளை கொட்டலாம். டீசல் எங்கை? இப்ப ரோட்டிலை ட்ரக்ரர் ஓடேலுமே? கச்சான் இன்னும் கொஞ்ச நாள்தானே. காத்து மாறும்."

"அதுக்குள்ள புள்ளைக்கு ஏதும் ஆயிட்டா முதலாளி?"

"அப்பிடிக் கஷ்டமெண்டால் வேறை இடம் பாருங்கோ. நான் மறிக்கேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையில் எங்களுக்கு வேறு இடம் இருக்கக்கூடும் என்று அவர் நம்பியிருக்கலாம். அவருடைய வீடு ஆலைக்கு முன்புறம், ரோட்டோரமாக. அந்தப் புகை ஒருநாளும் அங்கே போனதில்லை.

கச்சான் பலமாக இருந்த நாட்களில்தான் அது நடந்தது. முதல் நாள் பின்னேரம் புதிதாக உயர்ந்திருந்த மேட்டுக்கு நெருப்பு வைத்திருந்தார்கள். மறுநாள் விடிய, பெரிய ரோட்டில் ஏதோ வெடித்தது. கொட்டில் சுவர் அதிர்ந்து மண் உதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் துவக்குச் சூடு கேட்டது, பிறகு ஒலிபெருக்கி கட்டிய ஆமி ஜீப். ஊரடங்குச் சட்டம், வெளியே யாரும் நடமாடக்கூடாது, கண்டால் சுடுவோம் என்றார்கள். ஆலை நின்றது. நாங்கள் கொட்டில்களுக்குள் போய்க் கதவைச் சாத்தினோம்.

புகைக்குச் சட்டம் கிடையாது. கிடுகுக் கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெளி வழியாக அது வந்துகொண்டே இருந்தது. என் சேலைகளைக் கிழித்து அந்த வெளியை அடைத்தேன். கதவில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டேன். அடைக்க அடைக்க உள்ளே வெக்கை ஏறியது, வந்த புகை வெளியே போகவும் வழியில்லாமல் கூரைக்குக் கீழே நின்றது. திறந்தால் இன்னும் வரும், சாத்தினால் இருப்பது போகாது. நாங்கள் மூவரும் நிலத்தோடு நிலமாகப் படுத்தோம். கீழே கொஞ்சம் குறைவு. குடத்தில் இருந்த தண்ணீரைத் துணியில் நனைத்துப் பிள்ளையின் மூக்குக்கு நேரே பிடித்தேன். அவள் தட்டிவிட்டாள்.

அன்று முழுதும் அடுப்பு மூட்டவில்லை. பழைய ரொட்டியைச் சீனித் தண்ணீரில் ஊறவைத்து அவளுக்கு ஊட்டப் பார்த்தேன். விழுங்க மூச்சு காணாது. அழுவதற்கும் காணாது. வாயைத் திறப்பாள், சத்தம் வராது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. இரவு எப்படிப் போனதென்று எனக்குத் தெரியாது. மறுநாள் வெளிச்சம் வந்தபோது அவள் உதட்டைச் சுற்றி நீலமாக இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம்" என்றேன்.

"ரோட்டத் தாண்டணும்" என்றார் என் வீட்டுக்காரர். "முந்தி ஒருத்தன் நோயாளியத் தள்ளுவண்டில்ல வச்சித் தள்ளிட்டுப் போனானாம். சுட்டுட்டானுக."

அவர் எழும்பிக் கதவடிக்குப் போவார், திரும்பி வந்து உட்காருவார். இளம் ஆண்கள் வெளியே தலைகாட்டினால் திரும்பி வரமாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரியும். அவர் தன் தலையில் தானே குத்திக்கொண்டார். நான் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

பின்பக்கச் சுவரில் யாரோ தட்டினார்கள். அக்காவின் குரல். கொட்டில்களுக்கும் வேலிக்கும் இடையிலிருந்த ஒடுக்கமான வழியால் ஊர்ந்து வந்திருந்தாள்.

"புள்ள எப்பிடி?"

"மூச்சு எடுக்க முடியலக்கா. கொஞ்சங்கூட முடியல."

"அந்தப் பக்கத்து வீட்டுச் சின்னதும் அப்பிடித்தான். இப்பிடியே கெடந்தா இதுக்குள்ளயே சாவோம். பொம்பளைங்க மட்டும் போய் மேட்ட அணைப்போம். வாறியா?"

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். "சுடுவானுக" என்றார். நான் பிள்ளையை அந்தக் கைக்குள் வைத்தேன். கையை விடுவித்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை. கதவைத் திறந்தேன்.

ஐந்து பெண்கள் போனோம். அக்கா தன் பிள்ளைத்தாய்ச்சி வயிற்றோடு முன்னால். நல்ல வெயில், ஆனால் புகைக்குள் மஞ்சளாகத்தான் தெரிந்தது. கிணற்றில் வாளி விடுகிற சத்தம் ஊருக்கே கேட்கும் போலிருந்தது. முதல் வாளிகளை மேட்டில் ஊற்றியபோது சீறிக்கொண்டு வெள்ளைப் புகை எழும்பி எங்களை மூடியது. ஒன்றும் அணையவில்லை. தண்ணீர் மேலேயே நின்றது, நெருப்பு அடியில். மண்வெட்டியாலும் நெல் கிளறுகிற கட்டையாலும் மேட்டை இழுத்துப் பரப்பித்தான் ஊற்ற வேண்டியிருந்தது. இழுக்கும்போது உள்ளிருந்து சிவப்பாகச் சரியும். என் புறங்காலில் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. வாயில் ஈரத் துணி கட்டியிருந்தோம். இருந்தும் ஒருத்தி வாந்தி எடுத்தாள், எடுத்துவிட்டுத் திரும்பவும் வாளியைத் தூக்கினாள்.

பாதி மேடு சரிந்திருக்கும். களத்தின் அந்தப் பக்கத்தில் ஆட்கள் வருகிற சத்தம். ஆமி. அவர்கள் கத்தினது புரியாவிட்டாலும் கையைத் தூக்கத் தெரிந்தது. தூக்கினோம். துவக்குகள் எங்களுக்கு நேரே இருந்தன.

அக்கா பேசத் தொடங்கினாள். சிங்களத்தில். அவள் தோட்டத்துக்குப் பக்கத்துச் சிங்களக் கிராமத்துச் சந்தையில் மரக்கறி விற்று வளர்ந்தவள் என்று தெரியும். ஆனால் கலவரத்துக்குப் பிறகு அவள் வாயில் ஒரு சிங்களச் சொல் வந்து நான் கேட்டதில்லை. யாராவது சிரிக்கப் பண்ணப் பகிடிக்குப் பேசினால்கூட எழும்பிப் போய்விடுவாள். இப்போது தடங்கலில்லாமல் பேசினாள். ஐயா, ஐயா என்பதுபோல மாத்தயா, மாத்தயா என்றாள். லமயா என்று குழந்தையைச் சொன்னது எனக்கும் விளங்கியது. கொட்டில்களைக் காட்டினாள், புகையைக் காட்டினாள், தன் வயிற்றைக் காட்டினாள்.

முன்னால் நின்றவனுக்கு என் வயதுதான் இருக்கும். அவனுக்கும் இருமல் வந்தது. காற்று அந்த நேரத்தில் அவர்கள் பக்கம் சுழன்றிருந்தது. சட்டைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பின்னால் நின்றவனிடம் ஏதோ சொன்னான். பிறகு அக்காவிடம் இரண்டு சொல்.

"சுருக்கா முடிக்கச் சொல்றான்" என்றாள் அக்கா. "கைய எறக்குங்க. வேலயப் பாருங்க."

நாங்கள் வேலை செய்தோம். அவர்களில் இரண்டு பேர் கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் கொட்டில்களுக்குள் போனார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் வெளியே வந்திராவிட்டால் அந்தப் புகைக்குள் எங்கள் பக்கம் வந்தே இருக்க மாட்டார்கள். ஆண்களை வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தோளில் போட்டிருந்தார். பிள்ளையை என்னிடம் கொடுக்கச் சொன்னார்கள். கொடுக்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. எல்லா ஆண்களையும் வரிசையாக ரோட்டுக்குக் கொண்டு போனார்கள். அக்கா பின்னால் ஓடி ஓடிக் கெஞ்சினாள். ஒருத்தன் துவக்கால் அவளைத் தள்ளிவிட்டான்.

பிள்ளையைக் கிணற்றடியில் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, நாங்கள் அழுதுகொண்டே மேட்டுக்கு மண் அள்ளிப் போட்டோம். விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பின்னேரமாகும்போது புகை நூலாக மட்டும் எழும்பியது. அக்கா கூரையடியில் நான் அடைத்திருந்த துணிகளைப் பிடுங்கிப் போட்டாள். மகளைக் கிணற்றடி மரத்துக்குக் கீழே, சட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்று, மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருந்தேன். இருட்டும் நேரத்தில் அவள் அழுதாள். சத்தமாக, மூக்கும் வாயுமாக ஒழுக அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு மற்றப் பெண்கள் வந்து சுற்றி நின்றார்கள்.

ஆண்களை அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் விட்டுவிட்டார்கள். பகல் முழுதும் தார் ரோட்டில் முழங்காலில் நிற்க வைத்திருந்தார்களாம். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் கொப்பளித்திருந்தது, முதுகில் அடிபட்ட அடையாளம். பல நாள் என்னோடு அவர் பேசவில்லை. பிள்ளையை மட்டும் வாங்கிக்கொள்வார், நெஞ்சில் காதை வைத்துக் கேட்பார், திருப்பித் தருவார்.

சட்டம் தளர்த்தியதும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுத்தார்கள். சில நாள் வார்டில் இருந்தோம். நான் அங்கே இருந்தபோதுதான் முதலாளி ஆலையைத் திறக்க வந்து, களமெல்லாம் சாம்பலும் மண்ணுமாகக் கிடந்ததைக் கண்டு சத்தம் போட்டிருக்கிறார். யார் செய்யச் சொன்னது, எல்லாரும் வெளிக்கிடுங்கோ என்றாராம். அக்கா களத்தின் நடுவில் போய் நின்று, "வெளிக்கிடுறோம் முதலாளி. ஆனா இருக்கிற வரைக்கும் உமி இந்தப் பக்கம் விழுந்தா ஒருத்தியும் நெல் அவிக்க மாட்டோம்" என்று சொல்லியிருக்கிறாள். அவிக்காத ஈர நெல் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. கிடந்தால் முளைத்துவிடும். வேறு ஆள் பிடிக்கவும் அந்த நேரத்தில் வழியில்லை. அவருக்கும் வேறு போக்கில்லை என்று நினைக்கிறேன். தகரக் குழாயைத் திருப்பி, களத்தின் கிழக்குப் பக்கத்துக்கு நீட்டினார். யாரையும் வெளியேற்றவும் இல்லை.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது உமி அந்தப் பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த கச்சான் நாட்கள் புகை இல்லாமல் போயின. ஐப்பசிக்குப் பிறகு வாடை தொடங்கியது. கிழக்கிலிருந்து புகை திரும்பவும் எங்கள் பக்கம். மழையில் நனைந்த உமி முன்போல எரியாது, ஆனாலும் புகையும். நெல் அவிக்கிற அடுப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. நாங்கள் பிள்ளைகளை முறை போட்டுப் பார்த்தோம். ஒருத்தி வேலைக்குப் போகாமல் எல்லாப் பிள்ளைகளையும் காற்றுக்கு எதிர்ப்பக்கத்து மரத்தடிக்குக் கொண்டுபோய் வைத்திருப்பாள், மற்றவர்கள் அவளுடைய பங்கு நெல்லையும் அவிப்போம். அது அக்காவின் யோசனை. அவளுக்கு மார்கழியில் ஆண்பிள்ளை பிறந்தது. சின்னதாகத்தான் பிறந்தது, ஆனால் தங்கியது.

அந்தக் கொட்டிலில் மேலும் இரண்டு கச்சான் காலம் இருந்தோம். பிறகு முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்று என்ற ஊரில் ஒரு துண்டு நிலத்தில் குடியேறும் சந்தர்ப்பம் வந்தபோது, என் வீட்டுக்காரர்தான் முதலில் போவோம் என்றார். அங்கே வீடு கட்டும்போது இரண்டு பக்கச் சுவரிலும் யன்னல் வைத்தார். சமைக்கக் குசினியைத் தனியாக, வீட்டுக்கு நன்றாகத் தள்ளிக் கட்டினார்.

மகளுக்குத் தொய்வு முழுதாகப் போகவில்லை. மழை இருட்டினால், யாராவது குப்பைக்கு நெருப்பு வைத்தால், இன்றைக்கும் இரைக்கும். அவள் மூச்சு இழுக்கிற சத்தத்தைக் கேட்டால் நான் செய்கிற வேலையை விட்டுவிட்டு, முதலில் எல்லாக் கதவையும் திறக்கிறேன்.